ஈறு நோய்க்கு 'லேசர் பேக்கேஜ்': பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்குப் பல் துலக்கும்போது ரத்தம், வாய் நாற்றம், கீழ்வரிசை முன்பற்களில் ஆட்டம். எங்கள் ஏரியாவில் பளபளவென்று திறந்திருக்கும் ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சின்ன கேமராவை வாய்க்குள் விட்டு டிவியில் பெரிதாகக் காட்டினார்கள். பயப்படட்டும் என்றுதான் காட்டுகிறார்கள் போல. அடுத்துப் பேச வந்தது டாக்டர் இல்லை, 'கோஆர்டினேட்டர்'. "இன்னைக்கே புக் பண்ணா லேசர் பேக்கேஜ் 22,000. லேட் பண்ணா நாலு பல்லையும் எடுத்துட்டு இம்ப்ளான்ட்தான் மேடம்." (இம்ப்ளான்ட் என்றால் தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்.) கட்டினோம்.

நடந்தது என்ன? பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை மேலாக எடுத்தார்கள், ஈறு ஓரமாக ஏதோ ஒரு விளக்கைக் காட்டினார்கள், கையில் ஒரு ஜெல் டியூபைக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே இல்லை. சர்க்கரை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இருக்கிறது, ஈறு நோயை முற்றவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மறுபடி ரத்தம் வருகிறதே என்று போய்க் கேட்டால், இன்னொரு சிட்டிங் வேண்டுமாம்.

அப்புறம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறுக்கு அடியில் விட்டு, "மூணு, ரெண்டு, ஆறு" என்று டாக்டர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு மாணவி கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே வந்தார். 3 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை விழுந்திருக்கிறது. அதற்குள் காரையும் கிருமியும் சேர்ந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. எவ்வளவு கரைந்தது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். இந்த அளவை எடுக்காமல் பேக்கேஜ் விலை சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெறும் ஈறு வீக்கம் என்றால் காரை எடுத்து, ஒழுங்காகத் துலக்கினாலே சரியாகிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் போனது பெரும்பாலும் போனதுதான், மேலும் கரையாமல் நிறுத்தலாம். அம்மாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் வேர் வரை சுத்தம் செய்தார்கள். சில வாரம் கழித்துத் திரும்ப அளந்தார்கள். ஆழம் குறையாத இடத்தில் மட்டும்தான் ஈறைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றார்கள், அது தேவைப்படவில்லை. வீக்கம் வடிந்ததும் பல் இடுக்கில் சந்து தெரியும். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று நம் ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான். இன்னொன்று, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் அவ்வளவாக வராமலே உள்ளே முற்றும். ரத்தம் இல்லை என்று சும்மா இருக்காதீர்கள்.

எடுக்கச் சொன்ன நாலு பல்லில் ஒன்றுதான் போனது, மற்றவை இறுகிவிட்டன. கிளினிக்கில் விவரமான பில் கேட்டதற்கு 'பல் சிகிச்சை' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சை செய்தவரின் பதிவு எண்ணையும் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.