பேஷண்ட் ஸ்டேபிள்: மதுரை மருத்துவமனை ஒன்றின் தகவல் சேவை

குடலிறக்கம் சிக்கி அடைப்பாகிவிட்டதால் அவசர அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அப்பாவுக்குத் துணையாக, சென்ற சித்திரைத் திருவிழாவின்போது வைகையின் வடகரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள்கள் இருந்தேன். சிகிச்சையைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. ஐ.சி.யூ.வில் இருப்பவரின் நிலவரத்தைக் காலை 11 மணிக்கும் மாலை 6 மணிக்கும் குடும்பத்தாருக்கு வாட்ஸ்அப்பில் தெரிவிக்கிறார்களே, அந்தச் சேவையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. சேர்க்கையின்போது தரும் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் செய்தி வரும். முதல் நாள் காலையில் வந்தது, ‘பேஷண்ட் ஸ்டேபிள், ஐ.வி. ஃப்ளூயிட்ஸ், என்.பி.ஓ.’ என்ற ஒற்றை வரி. அதை அப்படியே உறவினர் குழுவில் போட்டேன், அடுத்த ஐந்தாவது நிமிடம் உசிலம்பட்டியிலிருந்து சித்தப்பா அழைத்து, “என்.பி.ஓ. என்றால் இன்னோர் ஆபரேஷனா அம்மா?” என்று கேட்டார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பதே அதன் பொருள். அதைத் தமிழில் எழுதினால் செய்தி நீண்டுவிடும் என்று அஞ்சினார்கள் போலும். முதல் மூன்று நாள்களும் அதே வரிதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. இரண்டாம் நாள் மாலைச் செய்தி மட்டும் இரவு 9.40 மணிக்கு வந்தது. அதுவரை துபாயில் இருக்கும் அண்ணன் பதினொரு முறை அழைத்துவிட்டார்.

குடலை வெட்டித் தைத்தவர்களுக்கு, குடல் மறுபடி அசையத் தொடங்கும்வரை அங்கே ஆகாரம் தருவதில்லை. பெருங்குடல் விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள்கள் ஆகும் என்றும், காற்று பிரிவதே அதற்கு அடையாளம் என்றும் மருத்துவர் விளக்கினார். ஆகவே வெளியூரில் இருக்கும் அத்தைமார் உட்பட முப்பத்தொரு பேர் கொண்ட எங்கள் குழு முழுவதும், அப்பாவுக்குக் காற்று பிரியும் நற்செய்திக்காகத் தவமிருந்தது. இந்த ஒன்றைத்தான் மருத்துவமனையின் செய்தி ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

உள்ளே கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. பார்வை நேரம் பத்து நிமிடம். அப்பா மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரியில் படித்து, மேலூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழாசிரியராக இருந்தவர். அவருக்குப் பொழுது போகட்டும் என்று, மருந்துக்கடை ரசீதின் பின்புறத்தில் ஒரு வெண்பாவை எழுதி, பணியில் இருந்த சிஸ்டரிடம் கொடுத்தனுப்பினேன். ‘இட்லி கேட்கும் வயிறு’ என்று அது முடிந்தது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு உரிய வாய்பாடுகளில் ஒன்றான ‘பிறப்பு’ வாய்பாட்டில் முடித்துவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு. அரை மணி நேரத்தில் ரசீது திரும்பி வந்தது. ‘இட்லி’க்குப் பக்கத்தில் ஒரு கூரைக்குறி, அதன்மேல் நடுங்கிய எழுத்தில் ‘யைக்’. கீழே, ‘மா முன் நேர் வருமா? தளை தட்டுகிறது’ என்று ஒரு குறிப்பு. அவர் சொன்னது சரிதான். வெண்பாவில் ‘இட்லி’ போன்ற மாச்சீரை அடுத்து நேரசை வந்தால், சீர்களை இணைக்கும் தளை கெட்டுவிடும். ‘இட்லியைக் கேட்கும் வயிறு’ என்றால் விளத்தின் முன் நேர் வந்து ஓசை ஒழுங்காகிவிடுகிறது. மூக்கில் குழாயும் இடக்கையில் ஊசியுமாகப் படுத்திருந்த மனிதர் இதைச் சீர் பிரித்துப் பார்த்திருக்கிறார்! ரசீதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். அன்றிரவு அண்ணன் அழைக்கவில்லை.

அந்த சிஸ்டருக்கு இது வேலையில் சேர்ந்ததன்று. இருந்தும் தினமும் அப்பாவுக்குச் சீட்டைப் படித்துக் காட்டி, அவர் சொன்னதை எனக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மூன்றாம் நாள் அழகர் ஆற்றில் இறங்கினார். கோரிப்பாளையத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான் வந்து சேர்வதற்குள் காலைப் பார்வை நேரம் முடிந்துவிட்டது. கதவருகே நின்ற சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஐயா சொல்லச் சொன்னாங்க: அழகர் இறங்கியாச்சாம், அவருக்குத்தான் காற்று இன்னும் இறங்கலையாம்” என்றார். அன்று 11 மணிக்கு வந்த செய்தி, ‘பேஷண்ட் ஸ்டேபிள்.’ காற்று மாலை 4 மணிக்குப் பிரிந்தது. அதையும் சிஸ்டர்தான் சொன்னார்.

காத்திருப்போர் கூடம் தூய்மையாக இருக்கிறது. நாற்காலிகளில் கைப்பிடி இருப்பதால் படுக்க முடியாது. கேன்டீன் காபியைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நாகரிகம்.

இந்தச் சேவைக்கு 5க்கு 2 மதிப்பெண் தரலாம். சிஸ்டரைச் சேர்த்தால் 4. செய்தியைத் தமிழில் எழுதுவதும், இரண்டு எண்களுக்கு அனுப்புவதும், தாமதமானால் ‘தாமதமாகும்’ என்று ஒரு வரி போடுவதும் பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. நோயாளி அன்று என்ன கேட்டார், என்ன சொன்னார் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், வெளியே இருப்பவர்கள் பாதிக் கேள்விகளைக் கேட்கவே மாட்டார்கள்.

வீடு திரும்பும் நாளில் ‘கருத்து படிவம்’ ஒன்றை நீட்டினார்கள். நான் நிரப்புவதாகச் சொல்லியும் கேட்காமல் அப்பா பேனாவை வாங்கி, மதிப்பெண் கட்டங்களை எல்லாம் காலியாக விட்டுவிட்டு, தலைப்பில் விடுபட்டிருந்த ‘ப்’பை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.