லெவாடாவா, வ்த்சியோமா?

ரஷ்யர்களின் மனநிலை பற்றிய செய்திகளில் அடிக்கடி அடிபடும் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் இரண்டு: வ்த்சியோம், லெவாடா மையம். எதை நம்புவது? ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். வ்த்சியோம் 1987-ல் சோவியத் காலத்தில் பிறந்தது. 2003-ல் அரசு அதன் நிர்வாகத்தில் கைவைத்ததும், தலைவர் யூரி லெவாடா ஊழியர்களோடு வெளியேறினார். அப்படி உருவானதுதான் லெவாடா மையம்.

வ்த்சியோம் அரசுடையது. தினமும் போனில் கேட்கிறது, வேகம் அதிகம். ஆனால் 2019 மே மாதம் நடந்ததை மறக்க முடியாது. 'எந்த அரசியல்வாதியை நம்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு புதின் பெயரைச் சொன்னவர்கள் 31.7% மட்டுமே. கிரெம்ளின் விளக்கம் கேட்டது. சில நாட்களில் கேள்வியையே மாற்றி, 'புதினை நம்புகிறீர்களா?' என்றார்கள். 72.3%! இரண்டு எண்ணும் பொய்யில்லை, கேள்விதான் வேறு.

லெவாடா வீடு தேடிப்போய், சுமார் 1,600 பேரிடம் நேரில் கேட்கும். 2016-ல் அதன் மீது 'வெளிநாட்டு முகவர்' முத்திரை விழுந்தது; வெளிநாட்டுப் பணம் பெறுவதாகச் சொல்லி ரஷ்ய அரசு குத்தும் முத்திரை அது. சரி, லெவாடா சுதந்திரமானதுதான். ஆனால் வாசலில் நிற்கும் அந்நியரிடம் யார் மனதைத் திறப்பார்கள்? போனிலும் அதே பயம் உண்டு. ஆனாலும், ஆண்டுக்கணக்கில் மாறாத கேள்விகளுக்காக நான் லெவாடா பக்கம்.