வீட்டுக்கே வந்து எடுக்கும் புரோலாக்டின் டெஸ்ட்: ஊசியில் குறையில்லை, கேள்வியில்தான் குறை

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீடு தேடி வந்து ரத்தம் எடுத்துப்போகும் லேப் சேவை சின்ன ஊர்கள் வரை வந்துவிட்டது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அது அருமையான வசதி. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினுக்கு அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஊசி சுத்தமாகப் போடுகிறார்கள், ரிப்போர்ட் சாயந்திரமே போனுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுக்கும் கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

முதல் கோளாறு நேரம். பெரும்பாலும் காலை 6 மணி ஸ்லாட்டைத்தான் தருகிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு அது தோது. புரோலாக்டினோ தூக்கத்தில் ஏறும் ஹார்மோன். விடியக்காலையில் உச்சத்தில் நிற்கும், எழுந்த பிறகுதான் மெல்ல இறங்கும். கண் விழித்த கையோடு எடுத்த ரத்தத்தில் அளவு கூடித்தான் தெரியும். எழுந்து 3 மணி நேரம் விட்டு எடுப்பதே சரி: 6 மணிக்கு எழுபவர் 9 மணி ஸ்லாட் கேட்க வேண்டும். இது கடிகாரத்தோடு அல்ல, தூக்கத்தோடு போகிற கணக்கு. மில்லில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கி, மதியம் 2 மணிக்கு எழும் பெண்ணுக்குச் சாயந்திரம் 5 மணிதான் பொருத்தம். மதியத்துக்கு மேல் ஆள் அனுப்பாத லேப் அவருக்கு உதவாது; நேரில் போய்க் கொடுப்பதே மேல்.

வீட்டில் எடுப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பதற்றம், வேகமான நடை, உடற்பயிற்சி, மார்புக் காம்பில் படும் தூண்டல் எல்லாமே புரோலாக்டினை ஏற்றும். பஸ் பிடித்து ஓடிவந்து மாடி ஏறிக் கை நீட்டுவதைவிட, சொந்த வீட்டில் 20 நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கொடுப்பது எவ்வளவோ மேல். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று குத்து விழுந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, மாத்திரை. "ஏனுங்கக்கா, மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க தம்பி, காலைல கேஸ் மாத்திரை மட்டுந்தானுங்க" என்றுதான் பதில் வரும். அந்தக் கேஸ் மாத்திரையில்தான் விஷயமே இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பாருங்கள்: பான்டோபிரசோல் அல்லது ரபிபிரசோலுக்குப் பக்கத்தில் டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு என்று பொடி எழுத்தில் இருக்கும். புரோலாக்டினைச் சுரப்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அங்கே அதை அடக்கி வைத்திருப்பது டோபமைன் என்ற மூளை ரசாயனம். இந்த மருந்துகள் டோபமைனின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. அளவு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. டாக்டர் சம்மதித்தால் 3 நாள் நிறுத்திவிட்டு எடுக்கலாம். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் ஏற்றும். அவற்றை நீங்களாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது. முடி கொட்டுவதற்குப் போடும் பயோட்டின் மாத்திரை வேறு மாதிரி: சில கருவிகளில் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

மூன்றாவது குறைதான் எங்களுக்கு மிகவும் உறுத்துவது. ரிப்போர்ட்டில் பெண்களுக்கென்று ஒரே ஒரு வரம்பு அச்சிடுகிறார்கள், ஏறக்குறைய மில்லிலிட்டருக்கு 5 முதல் 25 நானோகிராம் வரை. அது கர்ப்பமில்லாத, பால் கொடுக்காத பெண்ணின் வரம்பு. பிறந்த குழந்தைக்கு அளவு மிக அதிகமாக இருந்து, அடுத்த வாரங்களில் இறங்கும். பருவமெய்தும்போது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து சற்று ஏறும். கர்ப்பத்தில் மாதாமாதம் ஏறி, பிரசவ சமயத்தில் 200 பக்கம் வரும். அதைத் தாண்டுவதும் இயல்பே. அத்தனை இருந்தும் பால் சுரக்காமல் தடுப்பது புரொஜெஸ்டிரோன் என்ற கர்ப்ப கால ஹார்மோன். நஞ்சுக்கொடி வெளியேறி புரொஜெஸ்டிரோன் அளவு விழுந்த பிறகுதான் பால் சுரக்கிறது.

பால் கொடுக்காத தாய்க்கு 3 வாரத்துக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கொடுப்பவருக்கோ ஒவ்வொரு முறை குழந்தை குடிக்கும்போதும் எகிறும்; அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சம். மாதங்கள் போகப்போக அடிப்படை அளவு தணியும். மாதவிலக்கு தள்ளிப்போவதும் இதனோடு சேர்ந்ததே. 4 மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயின் ரிப்போர்ட்டில் 90 என்ற எண்ணுக்குச் சிவப்பு மை போட்டு அனுப்புவது ஒரு குடும்பத்தையே வீணாகக் கலங்கடிக்கும் வேலை. மாதவிடாய் நின்ற பிறகு அளவு இன்னும் குறையும். ஆண்களுக்கு வரம்பு 15-ஐ ஒட்டி நிற்கும்.

விலக்கான 2-ஆம் நாள்தான் கொடுக்க வேண்டும் என்று போனில் அடித்துச் சொல்கிறார்கள். அது கருமுட்டையை இயக்கும் ஹார்மோன்களான எஃப்எஸ்ஹெச், எல்ஹெச்சுக்கு உள்ள கணக்கு. புரோலாக்டின் மட்டும் என்றால் எந்த நாளிலும் கொடுக்கலாம். அதே ரத்தத்தில் தைராய்டு டெஸ்ட்டான டிஎஸ்ஹெச்சும் போடச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும்.

புக் செய்யுமுன் லேபில் கேட்க வேண்டியது ஒன்று: மேக்ரோபுரோலாக்டின் பார்ப்பார்களா? ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிப் பெரிதாகிப்போன இந்தப் புரோலாக்டின் உடம்பில் பெரிதாக வேலை செய்யாது, கருவியில் மட்டும் எண்ணாக ஏறி நிற்கும். விலக்கு ஒழுங்காக வந்து, பாலும் கசியாமல், அளவு மட்டும் 60 என்று நின்றால் இந்தச் சந்தேகம் வரவேண்டும். பிஇஜி என்ற ரசாயனம் கலந்து, பெரிதான புரோலாக்டினை வீழ்படிவாக்கி நீக்கிப் பார்த்ததில் முதல் அளவில் 40 சதவீதத்துக்கும் கீழே மிஞ்சினால் மேக்ரோபுரோலாக்டின்தான் காரணம். ஸ்கேனில் பெரிய பிட்யூட்டரி கட்டி இருந்தும் அளவு சுமாராகவே வந்தால், ரத்தத்தை 100 மடங்கு நீர்த்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். அளவு மிதமிஞ்சினால் சில கருவிகள் திணறிக் குறைத்துக் காட்டும்.

லேப் மாற்றினால் அலகையும் பாருங்கள். ஒருவர் மில்லிலிட்டருக்கு நானோகிராமில் தருவார், இன்னொருவர் லிட்டருக்கு மில்லி யூனிட்டில். மில்லி யூனிட்டை 21.2-ஆல் வகுத்தால் நானோகிராம் வரும். 530 என்று கண்டால் அது வெறும் 25.