வேனுக்கு இரண்டாவது டீசல் டேங்க்: எந்த முறை நம்பலாம்?

நீண்ட தூரம் ஓடும் வேனில் கூடுதல் டீசல் எடுத்துப்போக நாலு வழி இருக்கிறது. கேனில் பிடித்து வைப்பது, இருக்கிற டேங்கைக் கழற்றிவிட்டுப் பெரியதாக மாட்டுவது, தனி டேங்க் வைத்து வால்வைத் திருப்பி அதிலிருந்தே எஞ்சினுக்குக் கொடுப்பது, தனி டேங்கிலிருந்து பம்ப் போட்டு மெயின் டேங்குக்கு ஏற்றிக்கொள்வது. பட்டறையில் பேச்சு பெரும்பாலும் ‘எத்தனை லிட்டர் போடலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கும். அதைவிட முக்கியம், அந்த டீசல் எந்த வழியாக எஞ்சினுக்குப் போகிறது என்பது.

கேன் விஷயம் சுலபம். எப்போதோ ஒரு பயணம் என்றால் மூடி கசியாத கேன் இரண்டும், அசையாமல் இறுக்கிக் கட்ட நல்ல பெல்ட்டும் போதும். அடிக்கடி ஓடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. வழியோரம் நிறுத்தி ஊற்றும் ஒவ்வொரு முறையும் தூசியும் தண்ணீரும் உள்ளே போக இடமுண்டு. இன்றைய டீசல் வண்டிகளில் இருப்பது காமன் ரெயில் எஞ்சின், அதாவது ஒரே பொதுக் குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் தேக்கி எல்லா சிலிண்டருக்கும் கொடுப்பது. பலவற்றில் அந்த அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளியோ சில மைக்ரான்தான். கொஞ்சம் அழுக்கு போனாலும் பெரிய செலவு.

பெரிய டேங்க் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான வேலை. ஒரே மூடி, டீசல் அளவு காட்ட ஒரே முள், பழைய பம்ப், பழைய லைன். ஓட்டுகிறவர் புதிதாக எதையும் நினைவில் வைக்க வேண்டாம். சில வேன்களுக்குக் கம்பெனியே பெரிய டேங்கையும் ஆப்ஷனாகத் தருகிறது. உங்கள் மாடலுக்கு அது கிடைத்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். வெளியில் செய்த டேங்க் என்றால், உள்ளே மிதந்து முள்ளை நகர்த்தும் மிதவையை மட்டும் கவனியுங்கள். புது டேங்கின் ஆழத்துக்கு மிதவைக் கம்பி பொருந்தாவிட்டால் முள் வெகுநேரம் ‘ஃபுல்’லிலேயே நிற்கும், அப்புறம் மளமளவென்று இறங்கும்.

மாடலுக்கேற்ற பெரிய டேங்க் கிடைக்காதவர்கள்தான் வால்வா பம்பா என்று குழம்புவார்கள்.

வால்வு முறை பார்க்க எளிது: சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் இரண்டாவது டேங்கிலிருந்து இழுக்கும். ஆனால் டீசல் எஞ்சின் தான் எரிப்பதைவிட அதிகமாக இழுத்து, மிச்சத்தைச் சூடாக ரிட்டர்ன் லைன் வழியே திருப்பி அனுப்பும். போகிற லைனை மட்டும் மாற்றி, ரிட்டர்னை மெயின் டேங்கிலேயே விட்டுவிட்டால், இரண்டாவது டேங்க் சீக்கிரமே காலியாகும். மெயின் டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தால் வழிந்து ரோட்டில் கொட்டும். அதனால் இரண்டு லைனையும் ஒன்றாகத் திருப்பும் வால்வு வேண்டும். அதையும் சரியாகப் போட்டுவிட்டாலும் டேங்க் காலியாகும்வரை கவனிக்காமல் ஓட்டினால் ஏர் பிடித்துவிடும், அதாவது லைனுக்குள் காற்று புகுந்து எஞ்சின் நின்றுவிடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் என்றால் கைப்பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டுக் கிளம்பலாம். காமன் ரெயிலில் ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் மசகு. அது வறண்டு ஓடினால் உலோகம் உராய்ந்து, துகள் இன்ஜெக்டர்வரை போகும். புது வேனுக்கு இந்த முறையை யார் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பம்ப் முறையில் எஞ்சினுக்கு இரண்டாவது டேங்க் இருப்பதே தெரியாது. எப்போதும்போல மெயின் டேங்கிலிருந்துதான் குடிக்கும். பம்ப் பழுதானாலும் வண்டி நிற்காது, கூடுதல் டீசல் மட்டும்தான் கைக்கு வராது. என் ஓட்டு இதற்கே. இதன் பெரிய பலவீனம் மறதி. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஏற்றும் பம்ப் 30 லிட்டரைக் கால் மணி நேரத்தில் ஏற்றிவிடும். சுவிட்சை அணைக்க மறந்தால் மெயின் டேங்க் நிரம்பி, காற்றுப் போக்குக் குழாயான பிரீதர் வழியே பின்னால் ஒழுகும். ரோட்டில் சிந்திய டீசலில் பின்னால் வரும் இருசக்கர வண்டி சறுக்கினால் உயிரே போகலாம். ஆகவே நேரம் வைத்து அணைக்கும் டைமர் ரிலே கட்டாயம்: முள் கால் டேங்குக்கு வந்ததும் சுவிட்சைத் தட்டினால், குறித்த நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும். இன்னொன்று, இரண்டாவது டேங்கின் மட்டம் மெயின் டேங்கைவிட உயரமாக இருந்தால் பம்ப் நின்ற பிறகும் சைஃபனாக, குழாய் வழியே தானாகவே, டீசல் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க லைனில் ஒரு சோலனாய்டு வால்வு, அதாவது மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு, போடச் சொல்லுங்கள். பம்பே வேண்டாம், இரண்டு டேங்கையும் அடியில் ஒரு குழாயால் இணைத்துவிடலாம் என்பார்கள் சிலர். அந்தக் குழாயில் ஒரு கல் பட்டால் இரண்டுமே காலி.

டேங்க் வண்டிக்குள்ளா, அடியிலா? டீசல் பெட்ரோல்போலச் சட்டென்று பற்றாது. ஐரோப்பியத் தரப்படி அதன் தீப்பற்று வெப்பநிலை (ஆவி தீப்பொறியில் பற்றத் தொடங்கும் சூடு) 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆனாலும் வாடை போகவே போகாது. 60 லிட்டர் என்பது சுமார் 50 கிலோ. மோதலில் அது பிய்த்துக்கொண்டு வந்தால் முன்சீட்டில் இருப்பவர் கதி என்ன? அடியில்தான் வையுங்கள். பெரும்பாலும் ஸ்டெப்னி இடத்தைத்தான் கேட்கும். சைலன்ஸர் பக்கம் மட்டும் வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது 600 டிகிரி அளவுக்குச் சூடாகும்.

கால்வனைஸ் செய்த தகரத்தில் டேங்க் செய்து தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒன்று உண்டாகி ஃபில்டரை அடைக்கும். தாமிரக் குழாயும் ஆகாது, அது டீசலைக் கெடுக்கும். அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கனமான ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் மூன்றும் நல்லவை. உலோக டேங்குக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் இடையே ரப்பர் இல்லாவிட்டால் அதிர்விலேயே வெல்டிங் விரியும். டீசல் அலையாமலிருக்க உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்புவரை நிரப்பவும் கூடாது: 20 டிகிரி சூடு ஏறினால் 60 லிட்டர் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் விரியும்.

வேலையைக் கொடுக்கும் முன்பே வண்டிப் பதிவு விதியையும் இன்சூரன்ஸையும் விசாரித்துவிடுங்கள். டேங்கின் அடியில் ஒரு டிரெயின் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் டீசலில் தண்ணீர் அடியில் தங்கி, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புக் கசடாகும். அதை வெளியே எடுக்க வேறு சுலபமான வழி கிடையாது.