ட்ராலர் யாட் கட்டித் தருகிறோம் என்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

சென்னையிலோ ஈசிஆர் பக்கமோ யாராவது உங்களிடம் ஆல்பத்தை விரித்து, "வெளிநாட்டு டிசைன், ட்ராலர் யாட், இறக்குமதி விலையில் பாதி" என்று பேச ஆரம்பித்தால், செக் புத்தகத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ட்ராலர் யாட் என்பது மீன்பிடி ட்ராலர் பாணியில் கட்டிய, உள்ளேயே தங்கிப் போகிற உல்லாசப் படகு. எங்களுக்குப் படகு கட்டிய யார்டின் பேரைப் போடவில்லை, வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றார். பேரைச் சொல்லியும் பெரிய பிரயோஜனம் இல்லை, அவர்கள் போர்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். செய்கிற வேலை மட்டும் மாறுவதில்லை.

நாங்கள் நாலு பேர். ராயபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர், அவரை எல்லாரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். என் மச்சான், அவனுடைய கூட்டாளி, அப்புறம் நான். எங்களுக்கு வேகம் வேண்டாம், பளபளப்பு வேண்டாம். ஏழு நாட்ஸில் (மணிக்கு ஏழு நாட்டிகல் மைல்) நிதானமாகப் போய், ராத்திரி உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, தூண்டில் போட்டு, ஒரு நல்ல பருவத்தில் போர்ட் பிளேர் வரை போய்வரும் அளவுக்குத் தாங்குகிற 42 அடிப் படகு. அதற்கு ட்ராலர் வகைதான் சரி: கனமான ஆழமான அடி, நம்பகமான ஒரு டீசல் எஞ்சின், பெரிய டேங்க், அலையின் மேல் தாவாமல் நீரைத் தள்ளிக்கொண்டே போகிற ஹல், அதாவது படகின் உடல்.

இந்த வகையில் பேர் வாங்கியவர்கள் சும்மா வாங்கவில்லை. நார்ட்ஹேவன் என்கிற கம்பெனிக்குப் பேர் வந்ததே அவர்கள் படகு உண்மையிலேயே சமுத்திரம் தாண்டுவதால்தான். 2004ல் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து ஜிப்ரால்டர் வரை 18 படகுகள் கூட்டமாக அட்லான்டிக்கைக் கடந்தன. கம்பெனி கலிபோர்னியாவில், கட்டுவது பெரும்பாலும் தைவானிலும் சீனாவின் ஷியாமெனிலும். கிராண்ட் பேங்க்ஸ் என்கிற இன்னொரு கம்பெனி ஹாங்காங்கில் ஆரம்பித்து, சிங்கப்பூர் போய், இப்போது மலேசியாவில் பாசிர் கூடாங்கில் கட்டுகிறது. 1973 வரை மரம், அதற்கப்புறம் ஃபைபர், ஆக ஒரே பேரில் 1971 படகும் 1976 படகும் பராமரிப்பில் இரண்டு வேறு ஜாதி. எழுபது எண்பதுகளில் தைவானில் கட்டிய ட்ராலர்களோ இன்னும் குழப்பம். ஒரே யார்டில் இறங்கிய படகு நாலைந்து பேரில் விற்றிருக்கிறது, தேக்கு டெக்கின் ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே ப்ளைவுட் ஊறிப்போவதும், இரும்பு டீசல் டேங்க் மேலிருந்து துருப்பிடிப்பதும் அந்தக் காலத்துப் படகுகளில் சர்வேயர்கள் (படகைப் பரிசோதித்துச் சொல்கிறவர்கள்) முதலில் தேடுகிற விஷயங்கள். அதனால் "தைவான் மோல்டு சார்" என்று ஒருவன் சொன்னால் (மோல்டு என்றால் ஹல்லை வார்க்கிற அச்சு) அது ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். எந்த யார்டு, எந்த வருஷம், எந்த ஹல் நம்பர் (படகின் உடலில் பதிக்கிற அடையாள எண்) என்று கேட்டு, அதே மாடல் வைத்திருக்கிற ஒரு ஓனரிடம் பேச முடிந்தால்தான் அந்தப் பேருக்கு மதிப்பு.

எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். மேனேஜர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர், எல்லாரையும் "அண்ணே" என்பார், சீஃபை மட்டும் "ஐயா". தைவானிலிருந்து மோல்டு வந்திருக்கிறதாம், அதே பேர் பெற்ற ஆட்களுக்குக் கட்டிய மோல்டாம், ஐரோப்பியத் தரமான சிஇயில் 'ஏ' கேட்டகரியாம், 16 நாட்ஸ் போகுமாம், டேங்கை நிரப்பினால் 1,500 மைலாம். சீஃப் அங்கேயே கணக்குப் போட்டார். இந்த மாதிரி நீரைத் தள்ளிப்போகிற ஹல்லுக்கு வேகத்தின் எல்லை நீர்க்கோட்டு நீளத்தை (மிதக்கும்போது நீர்மட்டத்தில் படகின் நீளம்) வைத்தே வந்துவிடும்: அடியில் அளந்து, வர்க்கமூலம் எடுத்து, 1.34ஆல் பெருக்க வேண்டும். 38 அடி நீர்க்கோட்டுக்கு எட்டேகால் நாட்ஸ். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகு தன்னுடைய முன் அலையிலேயே ஏற வேண்டியிருக்கும், எஞ்சினும் டீசலும் பல மடங்கு கேட்கும், 1,500 மைல் காணாமல் போய்விடும். 16 நாட்ஸும் 1,500 மைலும் ஒரே படகில் ஒரே டேங்கில் வராது என்று சீஃப் சொன்னதற்கு மேனேஜர், "அது பழைய ஃபார்முலா ஐயா, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றாங்க" என்றார்.

'ஏ' கேட்டகரி என்பதும் நினைத்தபடி ஒட்டிக்கொள்கிற ஸ்டிக்கர் இல்லை. காற்றின் பலத்தைச் சொல்கிற பியூஃபோர்ட் அளவில் 8ஐத் தாண்டி, அலை 4 மீட்டரைத் தாண்டினாலும் சமாளிக்க வேண்டிய படகுக்கான தரம் அது, வெளியிலிருந்து அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று சரிபார்த்த பேப்பர் இருக்க வேண்டும். பேப்பர் எங்கே என்று கேட்டோம். வரும் என்றார்கள். ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் எழுதித்தான் கையெழுத்து வாங்கினோம்: ஹல் நம்பர், லேமினேஷன் (ஹல்லின் ஃபைபர் அடுக்கு) எத்தனை அடுக்கு எவ்வளவு தடிமன், 3,000 லிட்டர் டேங்க், புது மெரைன் எஞ்சின், ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் சர்வேயர் பார்த்த பிறகே அடுத்த பணம். அவர்களும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது. கட்டத்துக்குக் கட்டம் வாட்ஸாப்பில் படம் வரும், சர்வேயரை அனுப்புகிறோம் என்றால் ஒன்று கேட் பூட்டியிருக்கும், இல்லாவிட்டால் "நேத்துதான் மேல் அடுக்கு போட்டு மூடினோம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தி வச்சிருப்போமே அண்ணே" என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது, ஃபைபரை இறுக்குகிற ரெசின் எல்லாம் நனைந்துவிட்டது என்றார்கள், சரி, அந்த வெள்ளத்தில் யாருக்குத்தான் நனையவில்லை. ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் எங்கள் வேலைக்கென்று இருந்த ஆட்கள் அத்தனை பேரும் விசைப்படகு ரிப்பேருக்குப் போய்விட்டார்கள், ஜூன் 14 வரை எங்கள் ஹல் பக்கம் ஆள் கிடையாது. அந்த இரண்டு மாதத்திலும் 'வேலை நடக்கிறது' என்று படம் மட்டும் தவறாமல் வந்தது. அவர்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் போடுவதை நாங்கள் நிறுத்தியபோது, ஹல்லை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மிரட்டல். அதற்குள் 60 லட்சத்துக்கு மேல் போயிருந்தது.

குட்டை உடைத்தது சீஃபின் சொந்தக்காரர், காசிமேட்டில் பல காலம் படகு கட்டிய ஓடாவி. படத்தைப் பார்த்ததுமே, "தம்பி, இது நம்மூர் மோல்டு, இந்த வளைவுல எத்தனை லாஞ்சு இறக்கியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். முந்தின மாதத்துப் படத்தையும் அந்த மாதத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்; பின்பக்க மூலையின் உருண்டை வேறு வேறு. இரண்டு வெவ்வேறு ஹல். எங்களுக்கு அதுவரை அனுப்பியதெல்லாம் வேறு யாருடையதோ.

ஒருநாள் சொல்லாமல் போய் நின்றோம். இந்தமுறை கேட் திறந்திருந்தது. ஓடாவி மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார், சில இடத்தில் கெட்டியாகவும் சில இடத்தில் பொத்தென்றும் கேட்டது. ஆனால் எனக்கு நம்பிக்கை போனது தட்டியதில் இல்லை, தரையில் கிடந்த வட்டத் துண்டுகளில். கடல்நீர் பைப்புக்கு ஹல்லில் ஓட்டை போடும்போது வெட்டி எடுக்கிற அந்தத் துண்டு இருக்கிறதே, அதுதான் படகின் உண்மையான ஜாதகம். ஒப்பந்தத்தில் 14 மில்லிமீட்டர், துண்டை அளந்தால் 8. ஓரத்தில் ரெசின் போய்ச் சேராத வெள்ளை நார் நகத்தால் பிரிந்து வந்தது. யாரிடம் படகு கட்டினாலும் அந்தத் துண்டுகள் எங்களுக்கு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், எந்த ஓட்டை என்று மேலே எழுதி, தேதி போட்டு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல யார்டு அதை அவர்களே எடுத்துக் கொடுக்கும்.

பின்பக்கம் ஒரு அலுமினியத் தகடு ஸ்க்ரூ போட்டிருந்தது, ஹல் நம்பராம். பாரிமுனையில் எந்தக் கடையிலும் அடித்துத் தருவார்கள். அமெரிக்காவில் 1972லிருந்து ஹல் நம்பர் கட்டாயம், 12 எழுத்து. ஐரோப்பியத் தரத்தில் 14. முன்பகுதியில் கட்டியவரின் குறியீடு, கடைசியில் வருஷம், கழற்ற முடியாதபடி ஹல்லிலேயே இருக்க வேண்டும், இன்னொரு பிரதி உள்ளே மறைவான இடத்திலும். எங்கள் தகட்டில் இருந்தது ஒன்பது எழுத்து. அதில் மூன்று, மேனேஜரின் இனிஷியல்.

எஞ்சின் 'புதுசு'. மணி மீட்டர் சுழியத்தில். சீஃப் வெள்ளைப் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டினார், உள்ளே பச்சை, அதற்குள்ளே பழைய எண்ணெய்க் கறை. லாரியிலிருந்து இறக்கிப் பிரித்துக் கூட்டிய எஞ்சின். காசிமேட்டில் லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர், நன்றாகவே ஓட்டுகிறார்கள், பழசைப் பழசு என்று சொல்லிப் பழசு விலைக்குத்தான் வாங்குகிறார்கள். டேங்க்கை டேப் வைத்து அளந்தால் 1,100 லிட்டர்கூடத் தேறாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறக்குறைய 740 நாட்டிகல் மைல். 7 நாட்ஸில் 106 மணி நேரம், மணிக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே 1,060 லிட்டர். நடுக்கடலில் காற்று எதிர்த்தால் மிச்சம் வைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

இதையெல்லாம்கூடப் பணம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது படகு நீரில் ஆடுகிற ஆட்டம். மீன்பிடிப் படகின் அடியை எடுத்து, அதன் மேல் ஆல்பத்தில் இருப்பதுபோல் இரண்டு அடுக்கு வீல்ஹவுஸ் (படகை ஓட்டுகிற அறை) வைத்திருக்கிறார்கள். மீன்படகில் கீழே ஐஸும் மீனும் இருக்கும், அந்தப் பாரம் பிடித்து நிறுத்தும். இங்கே கீழே பாரம் இல்லை, மேலே கண்ணாடியும் கிரானைட் சமையல் மேடையும். பிறகு வக்கீல் சொல்லி, சர்வேயரை வைத்து, படகை நீரில் இறக்கச் சொல்லிப் பார்த்தோம். கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தி, ஓரத்தில் நின்று ஆட்டிவிட்டு சீஃப் ஸ்டாப்வாட்ச் பிடித்தார். 4.3 மீட்டர் அகலப் படகு ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வர நாலைந்து விநாடி ஆகலாம். இது எட்டு விநாடி எடுத்தது, போதாததற்குச் சாய்ந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. மெதுவாக ஆடுவது சொகுசாக இருக்கும், விற்பவர் "பாருங்க அண்ணே எவ்வளவு ஸ்மூத்" என்பார். அதுதான் அபாயம், நிமிர்த்துகிற பலம் குறைவு என்று அர்த்தம். முறையான சாய்வுச் சோதனை (எடை வைத்து எவ்வளவு சாய்கிறது என்று அளப்பது) செய்த ஸ்டெபிலிட்டி பேப்பர் இல்லாமல் எந்த மாடிப் படகையும் எடுக்காதீர்கள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகப் போகிற படகு.

இன்னொரு வலை பில்லில். எங்களைக் கேட்காமலே இன்வாய்ஸில் 'மீன்பிடிப் படகு' என்று போட்டிருந்தார்கள். மீன்பிடிப் படகுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், உல்லாசப் படகுக்கு அப்போது 28ம் மேலே செஸ்ஸும். 2025 செப்டம்பர் 22லிருந்து 40. உடனே மெயில் அனுப்பி மறுத்தோம், "ஆடிட்டர் பார்த்துக்குவார் அண்ணே, உங்களுக்குத்தான் லாபம்" என்று பதில். லாபம் யாருக்கு என்று வழக்குப் போட்ட பிறகு தெரிந்தது. கட்டிய தொகை 50 லட்சத்துக்கு மேல், 2 கோடிக்குள் என்பதால் மாநில நுகர்வோர் ஆணையம்தான். அங்கே அவர்கள் முதல் வாதமே, "இது மீன்பிடிப் படகு, வணிக நோக்கத்துக்கு வாங்கியது, எனவே இவர்கள் நுகர்வோரே இல்லை." அவர்களே எழுதிய பில்லை அவர்களே சாட்சியாகக் காட்டுகிறார்கள்! நாங்கள் அன்று அனுப்பிய மறுப்பு மெயில்தான் இப்போது எங்களுக்கு இருக்கிற நல்ல ஆயுதம். போனில் எதையும் பேசி முடிக்காதீர்கள். மீன்பிடிப் படகு என்ற பேப்பரில் உல்லாசமாகப் போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவதற்கு இடம் தருகிறோம் என்று சொன்னதும் பொய். சென்னையில் காசைக் கட்டினால் யாருக்கும் கிடைக்கிற மரீனா கிடையாது. துறைமுகத்துக்குள் இருக்கிற யாட் கிளப்பில் அவர்களுடைய உறுப்பினர்களுக்கே இடம் போதாது, காசிமேட்டில் விசைப்படகுகளே ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. கொச்சியில் போல்காட்டியில் மரீனா இருக்கிறது, ஆனால் அதற்கு இந்தப் படகை ராமேஸ்வரம் தாண்டியோ இலங்கையைச் சுற்றியோ கொண்டுபோக நான் ஏற மாட்டேன்.

படகு இப்போது அவர்கள் ஷெட்டிலேயே நிற்கிறது, ஆணையம் முடிவு சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது. சென்ற மாதம் என் மச்சானுக்கு ஒரு நண்பர் புது ப்ரோஷர் ஒன்றை அனுப்பினார், புதுக் கம்பெனி, புது லோகோ, "இதை வாங்கலாமா பாரு" என்று. முதல் பக்கத்தில் எங்கள் படகு. கிரானைட் மேடைகூடத் தெரிகிறது. வேகம் 18 நாட்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ப்ரோஷர் உங்களுக்கும் வந்திருந்தால், அதை அனுப்பியவரின் பேர், நம்பர், தேதியோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள், அடுத்த வாய்தாவுக்குள் வக்கீலிடம் கொடுக்க வேண்டும்.