சட்டப் பணிகள் குழுவின் இலவச வக்கீல்: எங்கள் பாதை வழக்கில் கிடைத்த அனுபவம்

தாலுகா கோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருந்து இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும் அரசு அமைப்பான வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு ஐந்துக்கு நாலரை தருகிறேன். காசு வாங்காத வக்கீல் கேஸை ஒழுங்காக நடத்த மாட்டார் என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒதுங்கியதில் நாலு வருடம் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் சித்தப்பாவின் பங்கு நிலம் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து அதன் ஓரமாகத்தான் நடந்து போய்வந்தோம். அப்பா இறந்த பிறகு ஒரு சின்ன வாய்த்தகராறு வந்து, 2021ல் சித்தப்பா அந்த வழியில் முள்வேலி போட்டுவிட்டார். அம்மா பெயரில் முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டோம். ஊரில் பெயர் உள்ள ஒரு மூத்த வக்கீலிடம் கொடுத்தோம், அவர் பெயரை இங்கே சொல்ல விரும்பவில்லை. முதலில் 25,000 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தாவிடம் 500. எதற்கும் ரசீது கிடையாது. போன் செய்தால் குமாஸ்தா எடுத்து, "வாய்தா போட்டாச்சும்மா, அடுத்த மாசம்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

2025 தொடக்கத்தில் தற்செயலாக, வழக்கு நிலவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியை போனில் ஏற்றி, எங்கள் வழக்கின் தனி அடையாளமான, 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வழக்கு தள்ளுபடி என்று வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வந்திருக்கிறார், எங்கள் பக்கம் ஆளே இல்லை, அதனால் தள்ளுபடி. ஆகி 19 நாள் ஆகியிருந்தது. இப்படித் தள்ளுபடியான வழக்கைத் திரும்பக் கோப்புக்கு எடுக்க 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும், விட்டுவிட்டால் அதே காரணத்துக்குப் புதிதாக வழக்கும் போட முடியாது என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் பேசினேன். அவர்கள் சொல்லித்தான் குழு அலுவலகத்துக்குப் போனோம். 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. அம்மா பெண் என்பதே போதுமானதாக இருந்தது. ஒரு படிவம், ஆதார் நகல், வழக்கு எண். இரண்டு நாளில் குழுவின் பட்டியலில் இருந்த ஒரு வக்கீல் மேடத்தை நியமித்தார்கள். முப்பது வயதுதான் இருக்கும்.

அந்த மேடம் முதல் நாள் செய்ததை மறக்கவே முடியாது. பிராது, அதாவது நாங்கள் கோர்ட்டில் கொடுத்த வழக்கு மனுவின் நகலை அம்மா முன்னால் விரித்து வைத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். "அம்மா, நீங்க நிலம் கேட்டு கேஸ் போடல. நடந்து போற உரிமையைத்தான் கேட்டிருக்கீங்க. இருபது வருஷத்துக்கு மேல தடையில்லாம, உரிமையோட நடந்த வழின்னா அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு." அம்மா அழுதுவிட்டார். கொழுந்தனாருடைய நிலத்தைப் பிடுங்கத்தான் கேஸ் நடக்கிறது என்று நாலு வருடமாக நினைத்து, சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குக்கூடப் போகாமல் குறுகிப்போய் இருந்திருக்கிறார். தன் வழக்கு எதைப் பற்றியது என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேடம் அதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை, அதாவது வழக்கின் காகிதங்களை, வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பாக்கி 15,000 கொடுத்தால்தான் தருவேன் என்றார். பாக்கிப் பணத்துக்காக கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000லேயே சொல்லியிருப்பதாக மேடம் சொன்னார். அவரே போனில் மரியாதையாகப் பேசினார், சண்டை எதுவும் இல்லை. மூன்றாம் நாள் கட்டு வந்தது. 28ஆம் நாள் மனுத் தாக்கலானது, வழக்கு திரும்பக் கோப்புக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தா அன்றும் மாலைக்குள் மேடத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வரும். இன்று என்ன நடந்தது, அடுத்த தேதி எது, நாங்கள் வர வேண்டுமா வேண்டாமா. அந்த இரண்டு வரிக்காகவே இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடலாம். வக்கீல் என்றாலே பொய் சொல்கிறவர், பணம் பிடுங்குகிறவர் என்றுதான் நம் ஊரில் பேச்சு. "அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குறே" என்று திட்டுவதற்கே அந்தத் தொழிலின் வார்த்தையைத்தான் எடுக்கிறோம். ஆனால் எங்கள் பழைய வக்கீல் எங்களிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவர் எதையுமே சொன்னதில்லை, எங்கள் கோபம் முழுக்க அங்கேயிருந்து வந்ததுதான். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் 500, 500 என்று வாங்கிக்கொண்டே இருந்தால் மனசு தானாகவே கெட்டதை நினைக்க ஆரம்பித்துவிடுகிறது.

அவர் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனாலும் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகு சில விஷயங்கள் புரிந்தன. செயலியில் ஒவ்வொரு தேதிக்கும் என்ன நடந்தது என்று போட்டிருப்பார்கள், அதை வைத்துக் கணக்குப் பார்த்தேன். மொத்தம் 31 வாய்தா. அதில் எங்கள் வக்கீல் கேட்டது 9, எதிர்த்தரப்பு கேட்டது 6, நீதிபதி விடுப்பு அல்லது இடம் காலி 7, வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு 9. விசாரணை தொடங்கிய பிறகு ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் தள்ளிவைக்கக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எங்கள் வழக்கு விசாரணைக்கே வரவில்லையே. வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2002ல் சொல்லியும் எங்களுக்கு ஒன்பது நாள் அதில்தான் போனது. வயதான வாதிகள் பஸ் பிடித்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதை நேரில் பார்த்தவர்களுக்கு வக்கீல் மேல் எப்படி நல்ல அபிப்பிராயம் வரும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலை 10:30க்கு மூன்று கோர்ட்டிலும் ஒரே நேரத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். மூத்தவர் ஒரு கோர்ட்டில் நிற்க, மற்ற இரண்டுக்கும் ஜூனியர்கள் ஓடுகிறார்கள். அந்த ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 வரையாவது கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024ல் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. அதனால் யார் திறமையானவர், யார் எவ்வளவு வாங்குவார் என்று நமக்கும் தெரிய வழியில்லை. டீக்கடையில் விசாரித்துத்தான் போகிறோம், நாங்களும் அப்படித்தான் போனோம்.

கோபத்தில் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆவது பிரிவில் புகார் கொடுக்கலாம். அம்மா வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். ஆனால் டிவி பழுதானால் கேட்க ஓர் இடம் இருக்கிறது, ஒரு குடும்பம் நடக்கிற பாதை பறிபோனால் கேட்க அந்த இடம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) கொண்டுபோகலாம் என்று மேடமே சொன்னார். ஒரு சனிக்கிழமை, கோர்ட் ஹாலிலேயே நடந்தது. சித்தப்பா முதலில் பிடிகொடுக்கவில்லை. அப்போது அவருடைய வக்கீல் அவரைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாலு வருடமாக அம்மா வாய்க்கு வாய் திட்டிய மனிதர் அந்த வக்கீல். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து சித்தப்பா, "ஆறடி விட்டுடறேன் அண்ணி" என்றார். அந்த வக்கீல் கேஸை இழுத்திருந்தால் இன்னும் எத்தனையோ வாய்தாவுக்குப் பணம் வாங்கியிருக்கலாம். என்ன பேசினார் என்று பின்னால் சித்தப்பாவிடம் கேட்டேன். "அண்ணன் பொண்டாட்டி நடந்து போறதுக்கு இவ்வளவு செலவு பண்ணித் தடுக்கணுமான்னு கேட்டார்" என்றார். அம்மா அன்று அந்த வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

லோக் அதாலத் உத்தரவு சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்குச் (டிகிரி) சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேடம் கடைசிவரை ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அம்மா கொண்டுபோன முருங்கைக்காயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், அலுவலகத்தில் ஒரே ஓர் ஊழியர்தான், மதியம் போனால் பூட்டியிருக்கும். வக்கீலை நாமாகத் தேர்ந்தெடுக்கவும் முடியவில்லை, எங்களுக்கு நல்லவர் அமைந்தார். சரியில்லை என்றால் மாற்றக் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள், எங்களுக்குத் தேவைப்படவில்லை. போகிறவர்கள் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள், வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் சி.என்.ஆர். எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.