ஒகேனக்கல் வரை ‘நடந்தோம்’, பணம் எங்கே போனது? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

ஃபுளோரைடு தண்ணீரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நிதி திரட்டுகிறோம், வீட்டுப் பக்கத்திலேயே நடந்தால் போதும் என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஓர் அழைப்பு வரலாம். போன ஜனவரியில் எனக்கு வந்தது. 499 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன், நடந்தேன். தெரிந்தவர்கள் 31 பேரிடம் கேட்டு 18,650 ரூபாய் வாங்கியும் கொடுத்தேன். அதில் ஒரு ரூபாய்கூட எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால், அழைப்பு அனுப்பிய அந்த டிரஸ்டின் பெயரைப் போடவில்லை. பெயரை விட அவர்கள் செய்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும், பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள்.

‘விர்ச்சுவல் வாக்’ என்றார்கள். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். அங்கே யாரும் போகத் தேவையில்லை. அவரவர் தெருவிலோ மைதானத்திலோ நடந்து, போனில் உள்ள ஆப் காட்டும் தூரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தினமும் ராத்திரி குரூப்பில் போட வேண்டும். பத்து நாளில் 46 கிலோமீட்டர் முடித்தால் மெடலும் சான்றிதழும் வீட்டுக்கு வரும். நாம் நடப்பதைச் சொல்லி, தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டித் தர வேண்டும். அந்தப் பணத்தில் பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு ஆர்.ஓ. மிஷின். இதுதான் திட்டம்.

நன்றாகவே நடத்தினார்கள், அதையும் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் ஒரு வரைபடம் வரும். “இன்று நீங்கள் இண்டூர் தாண்டிவிட்டீர்கள்”, “பென்னாகரம் வந்துவிட்டது, இனி இறக்கம்தான்” என்று எழுதியிருக்கும். விடியற்காலை ஐந்தரைக்குப் பனியில் ஏரிக்கரையில் நடக்கும்போது, நிஜமாகவே காவிரியைப் பார்க்கப் போகிறேன் என்ற எண்ணம்தான் எனக்கு.

நான் ஏன் கேள்வி கேட்காமல் சேர்ந்தேன் என்றால், என் சொந்த ஊர் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம். போர் தண்ணீர் குடித்து வளர்ந்தோம். பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வரும் தண்ணீர். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், ருசியிலும் ஒன்றும் தெரியாது. காய்ச்சிக் குடித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு இன்னும் கூடத்தான் செய்யும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு. சிரிக்கும்போது கையை வாய்க்கு நேராகக் கொண்டுபோவது எங்களுக்கு அப்படியே பழகிவிட்டது, இன்றைக்கும் என் கை தானாகப் போகும். அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு முன்பே முட்டி மடங்கவில்லை. ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் அதற்குள் எங்கள் வீட்டில் ஆக வேண்டிய கெடுதல் ஆகிவிட்டிருந்தது. இப்படி இருக்கும்போது, பிள்ளைகளின் கறைப் பல்லைப் படம் போட்டு ஒருவர் உதவி கேட்டால் எனக்கு வேறென்ன தோன்றும்?

ஆனால் அந்த முதல் நோட்டீஸிலேயே ஒரு பொய் இருந்தது. “மூன்று மாதம் சுத்தமான தண்ணீர் குடித்தால் பல்லில் உள்ள கறை மறையும்” என்று எழுதியிருந்தார்கள். மறையாது. சின்ன வயதில் பல் உருவாகும்போதே உள்ளே ஏறுகிற கறை அது, தண்ணீரை மாற்றினால் இனி வரப்போகும் பிள்ளைகளைத்தான் காப்பாற்றலாம். இது எனக்குத் தெரியும். யாரோ விவரம் தெரியாத பையன் எழுதியிருப்பான், நோக்கம் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். நோயைப் பற்றியே தெரியாதவர்கள் அந்த நோய்க்காகப் பணம் கேட்கிறார்கள் என்றால் அங்கேயே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் கியூ.ஆர். 499 ரூபாய் கட்டும்போது டிரஸ்டின் பெயர் காட்டியது. நன்கொடைக்கு வேறொரு கியூ.ஆர். அனுப்பினார்கள், அதை ஸ்கேன் செய்தால் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். “டிரஸ்ட் அக்கவுண்டில் லிமிட் முடிஞ்சிருச்சு மேடம், இது எங்க செயலாளர் அக்கவுண்ட்தான்” என்றார்கள். சரி என்று அனுப்பினேன். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஐயாயிரம், எங்கள் கடை முதலாளி மூவாயிரம், பஸ் ஸ்டாண்டில் எனக்குத் தினமும் பூ கொடுக்கும் அக்கா நூறு. அந்த அக்கா சுருக்குப் பையிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தார். “நம்ம ஊருப் புள்ளைங்களுக்குத்தானே கண்ணு” என்றார். அவருக்கு அந்த டிரஸ்ட் யாரென்று தெரியாது. என்னைத்தான் தெரியும்.

மார்ச்சில் மெடல் வந்தது. கையில் எடுத்தால் தகரம் மாதிரி லேசாக இருந்தது. நடுவில் அருவிப் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர், அதன் ஓரம் கொஞ்சம் எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் வேறொரு மாநிலத்தில் எப்போதோ நடந்த சைக்கிள் போட்டியின் பெயர். மிஞ்சிப்போன பழைய மெடலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அப்போதும், மெடலில் மிச்சம் பிடித்தால் அந்தப் பணமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்றே மனசைத் தேற்றிக்கொண்டேன்.

குட்டு உடைந்தது ஜூலையில். ஐயாயிரம் கொடுத்த ஆசிரியர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, “அம்மா, அந்த 10பிஇ சான்றிதழ் வாங்கிக் கொடுங்க” என்றார். 80ஜி பதிவு, அதாவது நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு, உள்ள அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால், நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அவர்கள் 10பிஇ படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். கொடுத்தவரின் பான் எண்ணோடு வருமான வரித் துறை இணையதளத்தில் ஏற்றி, அங்கிருந்து எடுத்துத் தருவது அது. டிரஸ்டுக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். மூன்றாவது வாரம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

அன்று ராத்திரிதான் அவர்கள் முன்பு கொடுத்த ரசீதை ஒழுங்காகப் பார்த்தேன். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், பான் எண்கள் தினமும் என் கண்ணில் படுகிறவை. பான் எண்ணின் நாலாவது எழுத்து, அது யாருடையது என்று சொல்லிவிடும். டிரஸ்ட் என்றால் டி, கம்பெனி என்றால் சி, தனி ஆள் என்றால் பி. ரசீதில் இருந்ததில் நாலாவது எழுத்து பி. ‘80ஜி வரிவிலக்கு உண்டு’ என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள், பதிவு எண் எங்கேயும் இல்லை. வருமான வரித் துறை இணையதளத்தில் விலக்குப் பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்க வசதி இருக்கிறது. டிரஸ்ட் பெயரைப் போட்டுத் தேடினேன், இல்லை. எங்களுக்குக் காட்டியது வெறும் டிரஸ்ட் பத்திரம். பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது பெரிய காரியமில்லை. வரிவிலக்கு வேறு, அதற்கு வருமான வரித் துறையின் அனுமதி வேண்டும். இரண்டையும் ஒன்று என்று நினைக்க வைத்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். வேலை நாளாக இருந்தது நல்லதாகப் போயிற்று. தலைமையாசிரியரிடம் நோட்டீஸைக் காட்டினேன். படத்தில் பள்ளிக்கூடத்தின் கேட் பச்சை, நான் நுழைந்த கேட் நீலம். “பெயிண்ட் அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. இந்த போட்டோ யார் எடுத்தாங்கன்னே தெரியல, எங்ககிட்ட ஒருத்தரும் வந்து கேட்கல” என்றார். அந்தப் பள்ளிக்கு ஒகேனக்கல் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. ஒரு பையன் அதில்தான் டம்ளர் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது. பிப்ரவரியிலேயே ஒரு போன் போட்டு இவரைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

விர்ச்சுவல் வாக் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. நேர்மையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம், கட்டணத்தில் மெடலுக்கும் கூரியருக்கும் எவ்வளவு, காரியத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் வரும். தொண்டு நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிந்திருந்தால் அந்த எண்ணைக் கேட்டதும் தருவார்கள். பணம் நேராக அமைப்பின் கணக்குக்கே போகும். நீங்கள் பிறரிடம் வாங்கி அனுப்புவதாக இருந்தால், இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு வாங்குங்கள். 499 நஷ்டம் என்றால் மறந்துவிடலாம். அடுத்தவர் பணம் அப்படியில்லை, ராத்திரி தூக்கம் வராது. நான் ஒரு நோட்டில் 31 பெயரையும் எழுதி வைத்து மாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறேன். இதுவரை பதினான்கு பேர். பூக்கார அக்காவுக்குத்தான் முதலில் கொடுத்தேன்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தேன், சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போனேன். பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். ஆனால் அனுப்பிய அன்றோ மறுநாளோ சொல்லியிருந்தால் அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போதே முடக்கியிருக்கலாம் என்றார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அவர்களும் என்ன செய்வார்கள். நீங்கள் போவதானால் ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் ஆப்பில் காட்டும் 12 இலக்க அடையாள எண்ணும் (யூ.டி.ஆர்.), கியூ.ஆர். படமும், குரூப்பில் வந்த செய்திகளும் தேவைப்படும். குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். நான் கோபத்தில் வெளியேறிவிட்டு, பிறகு இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அந்தக் குரூப்பில் 214 பேர் இருந்தோம். எனக்குத் தெரிந்து புகார் கொடுத்தது மூன்றே பேர். மற்றவர்களிடம் பேசினால், 499 ரூபாய்க்கு யார் ஸ்டேஷன் படி ஏறுவது என்கிறார்கள். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒகேனக்கல் படம் போட்ட அந்த ஸ்டிக்கர் மெடல் உங்கள் வீட்டிலும் இருந்தால், ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் 499-க்கும் ஒரு புகார் பதியுங்கள்.